பழுக்குமுன் வரும் சிவப்பு

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு நடுவயதுத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"நெசமான செவப்பு கார் சீட்டுக்கு அடியிலதான் இத்தன காலமாத் தூங்கிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் அந்த அம்மா. அவர் மடியில் வெயில் படாத பழைய தோல் துண்டு ஒன்றும், கடையில் வாங்கிய புதுத் தோல் துண்டுகளும் இருந்தன.

மேகமலை எஸ்டேட்டில் ஒரு காலத்தில் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரை அவர்கள் புதுப்பிக்கிறார்கள். கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் பேச்சிலேயே தெரிந்தன.

"எனக்குச் செவப்பும் கருப்பும் ஒண்ணாத்தான் தெரியுது. எப்படி இருக்குன்னு நீ சொல்லு."

"பன்னீர் திராட்சை கருக்கிறதுக்கு முன்னாடி ஒரு செவப்பு வருமே, அதுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே திராட்சைப் பந்தல்கள் மெல்ல நகர்ந்தன.

"ம், தெரியுது" என்றவர், புதுத் துண்டு ஒன்றைத் தடவினார். "இதா?"

"இல்ல. அது கடைக்காரருக்குப் புடிச்சுப்போய்க் குடுத்தது. இந்தாங்க, இதுதான் அச்சு அசல்."

"தையலும் பழையபடியே இருக்கணும். ஒரு நூலு மாறக் கூடாது."

"மாறாது."

"எல்லாம் சரி. ஓட்டுறதுக்குத்தான் ஆளில்ல."

"நான் ஓட்டுவேன். காலையில கோயிலுக்குன்னு சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தேன். லைசென்ஸும் வந்துருச்சு."

அவர் அந்தத் தோல் துண்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். உத்தமபாளையத்தில் இறங்க எழுந்தபோதுதான் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கச் சொல்லணும். உனக்குக் கால் எட்டாது."