எட்டாவது வீட்டுக் கூரை

இந்த அறை புழுங்குகிறது என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். மின்விசிறி மேல் குற்றமில்லை. மேலே தளம் கறுத்துக் கிடக்கிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது கீழே இறக்குகிறது, விசிறி அதை நம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடித்தால் சரியாகிவிடும். இதைச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. தொழிற்சாலையில் எனக்குச் சுண்ணாம்பு என்று பெயர் வந்ததே அதனால்தான்.

நான் அங்கே கட்டடப் பராமரிப்புப் பொறியாளர். போன கோடையில் ஊழியர் குடியிருப்பு ஒன்றில் எல்லா வீட்டுக் கூரைகளுக்கும் வெள்ளை பூசினேன். வீடுகள் குளிர்ந்தன. மின்கட்டணம்கூடக் குறைந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னதற்கு, "இந்த வருஷம் வெயிலே கம்மிப்பா" என்றார்.

"சுண்ணாம்பு, சூரியனுக்கும் ஒரு கோட் அடிச்சிட்டியா?" என்று கணக்கர் கேட்டார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பூசாத வீடு ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பூசிய வீட்டுக்கு மரியாதை கிடையாது என்று அன்றுதான் புரிந்தது.

இந்த ஆண்டு மேலாளர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரே வரிசையில், ஒரே அளவில் எட்டு வீடுகள். நிரூபித்துக் காட்டினால் தொழிற்சாலைக் கூரை முழுவதும் பூசலாம். அதைப் பார்த்து நகரமே பூசும். எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும், அறையின் சூட்டைத் தானாகவே பதிந்துகொள்ளும் சின்னப் பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்தேன். ஏழு கூரைகளுக்குப் பூசினேன். எட்டாவதை விட்டுவிட்டேன்.

எட்டாவது வீட்டில் குடியிருந்தவர் என் அண்ணன். அதே தொழிற்சாலையில் கடைசல் வேலை. வேறு யார் வீட்டையாவது விட்டிருந்தால், கூடப்பிறந்தவன் வீட்டை மட்டும் விடாமல் பூசிக்கொண்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தக் கெட்ட பெயர் எனக்கு ஆகாது.

அண்ணி என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "ஏன் தம்பி, தெருவுக்கே பவுடர் பூசிட்டீங்க. எங்க தலைக்கு மேல வர்றப்ப மட்டும் கை வலிச்சிருச்சா?"

"இந்த ஒரு கோடைதான் அண்ணி. அடுத்த வருஷம் முதல் வீடே உங்களுதுதான்."

"விடு, அவன் படிச்சவன்" என்று உள்ளேயிருந்து அண்ணன் சொன்னார். "காரணம் இல்லாம செய்ய மாட்டான்."

காரணம் இருந்தது. ஆனால் அண்ணன்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. மாடியில் ஈரச் சாக்கை விரித்து வைத்தார். அவர் வேலைக்குப் போனதும் எடுத்துப் போட்டேன். ஏழாவது வீட்டுக்காரரிடம் மிச்சப் பூச்சை வாங்கி ஒரு மூலையில் தானே அடித்துக்கொண்டார். பழைய நிறம் தெரியும்வரை அதைச் சுரண்டினேன். இறங்கி வரும்போது எதிரில் வந்த அண்ணன், "கையெல்லாம் வெள்ளையா இருக்கேடா" என்றார்.

"வேலைதான் அண்ணா" என்றேன். பொய் இல்லை.

ஜன்னல்கள் திறந்திருந்தால் கணக்குச் சேராது. ஆகவே சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டு மூடினேன். எட்டு வீட்டுக்கும் போட்டேன். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் அது அநியாயம்.

கடுங்கோடையில் அண்ணி மகளின் பிரசவத்துக்குப் போனார். "அவருக்கு நெஞ்சு அவ்வளவு நல்லா இல்ல. பாத்துக்கோங்க தம்பி" என்றார். பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் தவறவில்லை.

அந்தக் கோடையிலேயே கொடிய வெயில் அடித்த நாளும் போனேன். தலைசுற்றல் என்று அண்ணன் விடுப்பில் இருந்தார். அலமாரிக்குக் கீழே வெறுந்தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. "கதவ அப்படியே விடுடா... கொஞ்சம் தண்ணி" என்றார். நான் பெட்டியைப் பார்த்தேன். அதற்கு முன் எந்த நாளும் வராத சூடு. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து நின்றதிலேயே அது சற்று இறங்கிவிட்டது. என் அவசரம், முதலில் ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ அண்ணா, உச்சியத் தொட்டுடட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். லேசான காற்றுக்கே திறந்துகொள்ளும் கதவு அது, ஆகவே தாழ்ப்பாளும் போட்டேன். ஏழாவது வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெட்டியைப் பார்க்க அந்த வீட்டுச் சாவி என்னிடம் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்தேன். குளுகுளுவென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெயில் சாய்ந்து, சூடு தானாக இறங்கத் தொடங்கிய பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.

பலவீனமான இதயம், வெயில் தாங்கவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். யாரும் சந்தேகப்படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எட்டாவது வீட்டில் உட்கார முடியாமல் ஏழாவது வீட்டுக்கு எழுந்து போய் அழுதார்கள். "இங்க என்னமா ஜில்லுன்னு இருக்கு" என்றார் ஒருவர். நான் கேட்காமலே என் பூச்சை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க" என்றார். ஒரு சுவர்தான் இடையில்.

நேற்றுக் கூட்டத்தில் எட்டு வீட்டுக் கோடுகளையும் திரையில் காட்டினேன். ஏழு கோடுகள் கீழே ஒட்டிக்கொண்டு ஓடின. அண்ணனின் கோடு மட்டும் மலை மாதிரி நிமிர்ந்து நின்றது. கைதட்டினார்கள். அப்போது கணக்கர், "உச்சிக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் விழுந்திருக்கே சுண்ணாம்பு, பெட்டி ரிப்பேரா?" என்று கேட்டார். மேலாளர் உடனே, "அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். பெட்டி பழுதில்லை. நான் கதவைத் திறந்தேன், அண்ணன் உயிரோடு இருப்பதைப் பார்த்தேன், மூடினேன். பள்ளம் அதனால் விழுந்தது. இதை அப்படியே எழுதி, முத்திரை குத்தி, மேலாளருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். உங்கள் முத்திரை இருந்தால் நம்புவார்.

பிறகு என்னை எங்கே அடைத்தாலும் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். என் அறைக் கூரைக்கு வெள்ளை பூசிவிடுங்கள். பக்கத்து அறைக்கு மட்டும் வேண்டாம். அதில் இருப்பவர் வயதானவர், எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்று உங்கள் காவலர் சொன்னார்.