மறுஒளிபரப்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நாலு பேரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதில் எந்தத் தப்பும் இல்லை, ஐயா. எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் செய்ததுதான்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள் அவை. குடியிருந்தவர்கள் எல்லோரும் மதுரை, விருதுநகர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். டிவி அழகர்சாமி அண்ணன் வீட்டில் இருந்தது. கேபிளில் பாதிச் சேனல் கன்னடம். அதில் ஒன்றில் ஞாயிறுதோறும் ஒரு துப்பறியும் நாடகம் போடுவார்கள். கொலை, ரத்தம் எதுவும் கிடையாது. காணாமல் போன பூசணிக்காய், கல்யாணப் பந்தலில் தொலைந்த மோதிரம், இந்த மாதிரி கேஸ்கள்தான். துப்பறிகிறவருக்குத் தீராத ஜலதோஷம். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடப்பார். திருடன் முன்னால் வந்ததும் தும்மிவிடுவார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். தும்மல்காரர் என்றுதான் அவருக்குப் பெயர் வைத்திருந்தோம்.

எங்களில் கன்னடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஓசூருக்கு வருவதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவன். அதனால் நாடகத்தில் பேசுவதை நான்தான் தமிழில் சொல்வேன். பாதியிலேயே, "அந்த டெய்லர்தான் எடுத்திருப்பான், பாருங்க" என்பேன். கடைசியில் டெய்லர் முன்னால்தான் தும்மல் வரும். ஒரு வாரம்கூட நான் சொன்னது தப்பவில்லை. அழகர்சாமி அண்ணன் என் முதுகில் தட்டி, "முனிவேலு, நீ போலீசுல இருக்க வேண்டிய ஆளுப்பா" என்பார். கம்பெனியில் நாள் முழுக்க ஒரே இரும்பில் ஒரே துளையைப் போடுகிறவன் நான். அங்கே மிஷின் நம்பரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். லைன் வீட்டில் நான் வந்து உட்காருவதற்காக டிவிக்கு முன்னால் இடம் விட்டு வைத்திருப்பார்கள்.

அது பழைய நாடகம், ஐயா. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பேக்கரி முதலாளி வீட்டில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்திருந்தேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு கடைசி வீட்டுக்குத் திம்மப்பன் குடிவந்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரன், காண்ட்ராக்ட் வேலை. தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவான். முதல் ஞாயிறே அழகர்சாமி அண்ணன் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். நான் திருடன் யார் என்று சொன்னதும் என்னைப் பார்த்துச் சிரித்தான். சாயங்காலம் குழாயடியில் என்னிடம் கன்னடத்தில் கேட்டான்: "அண்ணா, நீங்களும் இதை முந்தியே பார்த்திருக்கீங்க, இல்லையா?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் நான் வாயைத் திறந்ததும் வாசற்படியில் அந்தச் சிரிப்பு இருக்கும். கேலிச் சிரிப்பு இல்லை, கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அதுதான் ஆகவில்லை.

மாம்பழ சீசனில் அழகர்சாமி அண்ணன் மனைவி ஜெயமணியின் சங்கிலி தொலைந்தது. பொதுக் குளியலறையில் கழற்றி வைத்தவள் எடுக்க மறந்துவிட்டாள். திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை. அழுதுகொண்டே நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்கதேன் கண்டுபிடிச்சுத் தரணும். உங்களால ஆகாததா?" போலீசுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் தேங்கியது. சாக்கடைத் துளையில் கையை விட்டு முடிக்கற்றையை இழுத்தேன். அதோடு சங்கிலியும் வந்தது. யாரும் திருடவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன். கொடுத்துவிடத்தான் கழுவினேன், நம்புங்கள். ஆனால் சாக்கடையில் கிடந்தது என்று கொடுத்தால் அதில் நான் கண்டுபிடித்தது என்ன இருக்கிறது? அடைப்பை எடுக்க யார் கையை விட்டிருந்தாலும் வந்திருக்கும். ஞாயிறு வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு நாடகம் முடிந்ததும் எல்லோரையும் அவரவர் வாசலில் நிற்கச் சொன்னேன். வாசலுக்கு வாசல் கம்பெனி ஷூக்கள் கிடந்தன. கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் வீட்டிலிருந்து மெதுவாக நடந்தேன். திம்மப்பன் முன்னால் வந்ததும் தும்மினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். திம்மப்பனும் சிரித்தான், ஐயா. விளையாட்டு என்று நினைத்துவிட்டான். நான் குனிந்து அவன் ஷூவைக் கவிழ்த்தேன். காலையில் நான் உள்ளே போட்டு வைத்த சங்கிலி கீழே விழுந்தது.

திட்டுவார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், அந்தச் சிரிப்பு போய்விடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதலில் கை வைத்தது அழகர்சாமி அண்ணன். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அடி விழ விழ அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் வாயில் வரவில்லை. என்னையே பார்த்துக் கன்னடத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணன் கையை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"என்னப்பா சொல்றான்?"

எல்லோரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். டிவிக்கு முன்னால் காத்திருப்பது போலவே.

"நாந்தான் எடுத்தேன், உங்களால என்ன பண்ண முடியும்னு கேக்கான்" என்றேன்.

அப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஜெயமணி கைப்பிள்ளையோடு கோர்ட்டு வாசலில் நிற்கிறாள். நான் யாரையும் தொடவில்லை என்று எல்லோரும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். அது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் திம்மப்பனின் அப்பா ராஜப்பன் வந்து, கன்னடம் தெரிந்தவன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார். தண்ணீர் கேட்டான் என்றேன். "கொடுத்தீங்களா?" என்றார். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக வந்திருக்கிறேன்.

அவன் சொன்னது இதுதான், எழுதிக்கொள்ளுங்கள். "அண்ணா, நாடகத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க அண்ணா."

எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், ஐயா. அந்த நாடகத்தை நான் முன்னாலேயே பார்த்திருந்தேன் என்பது மட்டும் லைன் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.