சீனியம்மா அணில்வரி சூடுன கதை

இந்த ஊருக்கு ரோடு வராத காலம். பஸ்ஸுன்னா என்னன்னு தெரியாத காலம். மலையடிவாரத்துல, இதே மூங்கிலணைப்பட்டியில, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். கேளுங்க, காபி ஆறுனா ஆறட்டும், வேற போட்டுக்கலாம். இந்தக் கதையக் கேக்காம பூப்பாக்கப் போகக் கூடாது.

சீனியம்மா யாரு? எங்க அப்பாவோட தாத்தாவப் பெத்தவ. அவளுக்குப் பூன்னா கிறுக்காம். சும்மா கிறுக்கில்ல. சோத்த வடிச்சுக்கிட்டு இருக்கையில வேலியில ஒரு புது மொட்டு கண்ணுல பட்டுச்சுன்னா, வடிச்ச சோத்த மறந்துட்டு எந்திரிச்சு ஓடிருவாளாம்.

மார்கழி பொறந்துட்டா மலையில இருந்து பனி எறங்கும். மல்லி மொட்டு வைக்காது. பிச்சி கருகிப் போகும். அந்தக் குளுருல சிரிச்சுக்கிட்டு நிக்கிறது ஒரே ஒரு பூதான். இன்னைக்கு நம்ம டிசம்பர் பூங்கிறோமே, அதுதான். அப்ப அதுக்குப் பேரு பனிப்பூவாம். வாசன கெடையாது. ஆனா நெறம்! கத்திரிப்பூ நெறத்துல ஒண்ணு. மோர் வெள்ளையில ஒண்ணு. வெங்காயத் தொலி கணக்கா ரோசா நெறத்துல ஒண்ணு. ஊர்ல எல்லா வீட்டுலயும் இந்த மூணும் உண்டு.

நாலாவதா ஒண்ணு இருந்துச்சு. அது ஒரே வீட்டுல இருந்துச்சு.

அந்த வீடு பூவலிங்கத்தோட வீடு. வண்டிக்காரரு. மாட்டு வண்டியில வத்தல் ஏத்திக்கிட்டு கணவாய் தாண்டி மலையாளத்துப் பக்கம் போவாரு, மொளகு ஏத்திக்கிட்டு வருவாரு. அப்படிப் போனவரு ஒரு தடவ ஈரச்சாக்குல சுத்தி ஒரு குச்சியக் கொண்டாந்தாராம். நட்டாரு. மறு மார்கழிக்குப் பூத்துச்சு. பாத்தா, வெள்ளப் பூவுல ஊதா வரி! அணில் முதுகுல கோடு போட்ட மாதிரி, ஒவ்வொரு இதழுலயும் கோடு கோடா! ஊரே வாயப் பொளந்துருச்சாம். அணில்வரின்னு பேரு வச்சாக.

பொம்பளைக எல்லாம் போய் நின்னாக. "அண்ணே, ஒரு குச்சி குடுங்கண்ணே." "மச்சான், ஒரே ஒரு கணுவு." என்ன சொன்னாரு தெரியுமா?

"கண்ணால பாரு. கையால தொடாத. குச்சியக் குடுத்தா இது ஊர்ப்பூவாப் போயிரும். இப்ப இது பூவலிங்கம் பூ."

சொன்னதோட விட்டாரா? கருவேல முள்ள வெட்டியாந்து ஆள் ஒசரத்துக்கு வேலி போட்டாரு. மறு வருசம் அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. வெதக்காய் தெறிச்சு வெளிய விழுந்துரும்னு, காய் முத்துறதுக்கு முன்னாடியே கிள்ளிப் போட்டுருவாராம். பொம்பளைக முள்ளு இடுக்கு வழியா ஒத்தக் கண்ண வச்சுப் பாத்துட்டு, பெருமூச்சு விட்டுட்டுப் போவாகளாம்.

சீனியம்மாவுக்கு அடுத்த வீடு. அவ புருசன் செவத்தையா பூவலிங்கத்துக்கிட்டதான் வண்டி ஓட்டுறாரு. ஒறவு முறையில பூவலிங்கம் அவருக்குப் பெரியப்பா. இவளுக்கு மாமா. "மாமா, நான் யாரு? ஒங்க மருமக. எனக்குக் கூடவா?"ன்னு கேட்டாளாம். "மருமகள்னா கஞ்சி குடிச்சுட்டுப் போ. குச்சியக் கேக்காத"ன்னுட்டாரு.

ஒரு நா உச்சி வெயிலு. சீனியம்மாவோட வெள்ளாடு கயித்த அறுத்துக்கிட்டு, வேலியில எங்கயோ ஒரு சந்து பாத்து உள்ள பூந்துருச்சு. "ஏய்! ஏய்! ஆடு! ஆடு!"ன்னு பூவலிங்கம் கத்துறாரு. சீனியம்மா முள்ளுக் கிழிக்கக் கிழிக்கப் பூந்து ஓடுறா. ஆட்டப் புடிச்சா. ஆட்டு வாயில பாத்தா, அணில்வரிக் குச்சி! பாதி உள்ள, பாதி வெளிய! ஆடு மெல்லுது, இவ இழுக்குறா. அது மெல்லுது, இவ இழுக்குறா. கடைசியில விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கையில வந்துச்சு. அங்கிட்டு மாமன் கம்ப எடுத்துக்கிட்டு வர்றாரு. இவ என்ன செஞ்சா? துண்டக் கொண்டைக்குள்ள சொருகுனா. ஆட்டக் காதப் புடிச்சு இழுத்துக்கிட்டு, "மன்னிச்சுருங்க மாமா, மன்னிச்சுருங்க மாமா"ன்னு சொல்லிக்கிட்டே வெளிய வந்துட்டா!

வீட்டுக்குப் பின்னாடி, ஏனம் கழுவுற தண்ணி போற எடத்துல நட்டு வச்சா. யாராச்சும் வந்தா ஒடஞ்ச கூடைய எடுத்துக் கவுத்திருவா. தளிர் விட்டுச்சு. கெளச்சுச்சு. கூடை பத்தல. பழைய சாக்கு, தென்னந்தட்டின்னு வச்சு மறைச்சா. மார்கழியில பூத்துச்சு பாருங்க, மாமன் வீட்டுல பூத்ததவிட ரெண்டு பங்கு!

இப்பதான் வந்துச்சு வினை. பூ இருக்கு, வைக்க முடியல. காட்ட முடியல. யாருகிட்டயும் சொல்ல முடியல. கதவச் சாத்திக்கிட்டு, தலையில வச்சு, தண்ணிச் சட்டியில மொகம் பாத்துட்டு, வெளிய வரையில எடுத்துருவாளாம். "எனக்கு ஒரு பூவு, அதப் பாக்க ஒரு ஆளு இல்லையே"ன்னு பொலம்புவாளாம். செவத்தையா பயந்து போயி, "அடியே, வெளிய தெரிஞ்சா வண்டியில இருந்து எறக்கி விட்டுருவாரு. அப்பறம் சோத்துக்கு என்ன செய்வோம்? பேசாம அதப் புடுங்கி எறி"ன்னாராம். அவ புடுங்கல.

அப்படியே ரெண்டு மூணு வருசம் ஓடுச்சு. ஒரு தைப்பொங்கல் வந்துச்சு.

காலையில எல்லா வாசல்லயும் அடுப்பு. எல்லா அடுப்புலயும் பானை. அன்னைக்குன்னு மலைக்காத்து எறங்குச்சாம், ஆளத் தள்ளுற காத்து. ஒவ்வொரு வீடாப் பால் பொங்குது. "பொங்கலோ பொங்கல்!" அங்கிட்டு ஒரு கொலவ. "பொங்கலோ பொங்கல்!" இங்கிட்டு ஒரு கொலவ. பூவலிங்கம் வாசல் அடுப்புல இருந்து ஒரு பொறி பறந்துச்சு. காஞ்ச முள்ளுல விழுந்துச்சு. பக்குன்னு புடிச்சுக்கிருச்சு!

"ஐயோ! ஐயோ! தீயி!" மனுசன் கத்துறாரு. யாருக்குக் கேக்கும்? ஊரே "பொங்கலோ பொங்கல்"னு கத்திக்கிட்டு இருக்கு!

சீனியம்மாதான் மொதல்ல பாத்தா. குடத்துல தண்ணி இல்ல. பொங்குற பானையத் துணியோட தூக்குனா. பாலும் அரிசியும் வெல்லமுமா அப்படியே தீயில ஊத்துனா. அதப் பாத்துட்டுத்தான் ஊரு திரும்புச்சு. குடம், சட்டி, அண்டா, கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ஓடியாறாக. ஆனா உள்ள எப்படிப் போறது? ஆள் ஒசர வேலி. அடுக்கு அடுக்கா முள்ளு. அவ்வளவும் எரியுது. செடி உள்ள நிக்குது. மனுசரு வெளிய நிக்குறாக. எட்டி எட்டி ஊத்துனாக. வீடு தப்புச்சு. எரிஞ்ச முள்ளு அம்புட்டும் செடி மேலயே சரிஞ்சு, பொழுது சாயிற வரைக்கும் கங்காக் கெடந்துச்சு.

பூவலிங்கம் வெறுங்கையால மண்ணத் தோண்டிப் பாத்தாராம். வேரு கரியா வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டாரு. சோறு வேணாம்னாரு. தண்ணி வேணாம்னாரு. "போச்சு. இந்தச் சீமையிலயே இல்லாமப் போச்சு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாராம்.

சீனியம்மா வீட்டுக்குள்ள போனா. "நான் சொல்லப் போறேன்"னா. செவத்தையா கதவ மறிச்சு நின்னாரு. "திருடின்னு சொல்லுவாகடி. நம்ம பொழப்பு போயிரும்டி." அதுக்கு அவ சொன்னாளாம், "அந்த மனுசன் அழுகுறாரு. என் வீட்டுக்குப் பின்னால அந்தப் பூ பூத்துக் கெடக்கு. நான் என்னத்த முழுங்குவேன்?" அதக் கேட்டதும் செவத்தையா கைய எறக்குனாரு. அப்பறம் கதவ விட்டு வெலகிட்டாரு.

மறுநா மாட்டுப் பொங்கல். மாட்டுக்கெல்லாம் கொம்புல வண்ணம் பூசி, ஊரே தெருவுல நிக்குது. பூவலிங்கமும் ஒரு ஓரமா நிக்குறாரு. அப்ப அந்தா வர்றா சீனியம்மா! தலை நெறைய அணில்வரி! நெருக்கிக் கட்டுன சரம், ஒரு காதுல இருந்து மறு காது வரைக்கும்! ஒளிக்கல, முக்காடு போடல, நடுத்தெருவுல நடந்து வர்றா! கொட்டுக்காரன் கொட்ட நிறுத்திட்டானாம்.

"ஏ புள்ள, தலையில என்னது?"ன்னு கேட்டாரு பூவலிங்கம்.

"ஒங்க பூ மாமா."

"எங்க இருந்து வந்துச்சு?"

"எங்க ஆட்டு வாயில இருந்து மாமா. நாந்தான் கொண்டையில ஒளிச்சுக் கொண்டாந்தேன்."

"திருடி!"ன்னாரு. "ஆமா மாமா"ன்னா. "எங்க அது? காட்டு!"ன்னாரு. அவ முன்னால போறா, அவரு பின்னால போறாரு, அவருக்குப் பின்னால ஊரே போகுது.

போய்ப் பாத்தாரு. தட்டிய எடுத்துட்டா. இடுப்பு ஒசரம், இலையே தெரியாமப் பூவு! அவரு வச்சிருந்ததுகூட இப்படிப் பூத்ததில்ல. சுத்திச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. கோவத்த மறந்துட்டாரு! "என்ன புள்ள ஊத்துன?" "ஏனங் கழுவுன தண்ணி மாமா." "நான் ஆத்துத் தண்ணிய சொமந்து சொமந்து ஊத்துனேனே!" தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்பறம் தொண்டையக் கனைச்சுக்கிட்டுக் கேட்டாராம், "மருமகளே, ஒரு குச்சி குடு."

சீனியம்மா என்ன சொன்னா? இதுக்குத்தான் அவளக் கும்புடணும். "ஒங்களுக்கு மட்டும் குடுக்க மாட்டேன் மாமா"ன்னா! "இந்தா நிக்கிறாகளே, எல்லாருக்கும் ஒண்ணு. ஒங்களுக்கும் ஒண்ணு. ஒரே வீட்டுல இருந்தா ஒரே பொறியில போயிருது. நேத்து பாத்தோம்ல?"

பூவலிங்கம் மொகம் செவந்து போச்சு. இடுப்புல இருந்த சூரிக்கத்திய உருவுனாரு. செவத்தையா ஓடியாந்து பொண்டாட்டிக்கு முன்னால நின்னுட்டாரு. "தள்ளுடா"ன்னாரு பெரியப்பன். தள்ளிவிட்டுட்டுச் செடிக்கிட்ட குனிஞ்சாரு. ஒரு கணுவுக்குக் கீழ, சாய்ச்சாப்புல, ஒரே வெட்டு. குச்சியத் தூக்கிப் புடிச்சு, "யாருக்கு? வாங்க!"ன்னாரு. அம்புட்டுத்தான்! பொம்பளைக போட்ட கொலவையில மாடெல்லாம் அத்துக்கிட்டு ஓடிருச்சாம்!

தனக்குக் கடைசிக் குச்சிய வாங்கிக்கிட்டாரு. மறுபடி முள்ளு வெட்டப் போகல. கரிஞ்சு போன வேலி எடத்துல, சுத்தி வரப் பனிப்பூவா நட்டாரு. அதப் பாத்து அடுத்த வீடு. அதப் பாத்து எதுத்த வீடு. அதுக்கப்பறம் வண்டி கட்டிப் போனாருன்னா, செவத்தையா கையில ஈரச்சாக்கக் குடுத்து, "ஒன் பொண்டாட்டி திட்டுவா, புதுசா எதாச்சும் தேடுடா"ன்னு சொல்லுவாராம். இளமஞ்சள் வந்தது அப்படித்தான். ஓரத்துல மட்டும் ஊதா ஓடுற வெள்ள வந்ததும் அப்படித்தான்.

அதனாலதான் இந்தத் தெருவுக்குப் பூவேலித் தெருன்னு பேரு. இன்னைக்கு மாதிரி மாட்டுப் பொங்கல் அன்னைக்கு இங்க எந்த வீட்டுப் படலும் சாத்தக் கூடாது. யாரு வேணா உள்ள வந்து பாக்கலாம். குச்சி கேட்டா, இல்லன்னு சொல்லக் கூடாது. சீனியம்மா பேரச் சொல்லி வெட்டிக் குடுக்கணும்.

சரி, எந்திரிங்க எந்திரிங்க! மேக்கால இருந்து தொடங்குங்க. வெயிலு ஏறிருச்சுன்னா தொங்கிப் போகும், பனியோட பாக்கணும் அத!