நாலாவது வரியில் ஒரு மூச்சு

— நிறுத்துங்க சிஸ்டர், நிறுத்துங்க. இது முனைவர் பட்ட வைவா, உங்க ஆஸ்பத்திரி வார்டு இல்ல. கவிதையைப் பத்திக் கேட்டா நுரையீரலைப் பத்திப் பேசுறீங்க!

— இந்தக் கவிதைக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. அதைத்தான் முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன்.

— அடடே! பேராசிரியரே, பொண்ணு பேசி முடிக்கட்டுமே. கேள்வி கேக்கத்தான் வெளியூர்லேர்ந்து என்னை வரவழைச்சிருக்கீங்க, நீங்களே முந்திக்கிட்டா எப்படி? நீ எனக்குச் சொல்லும்மா, முதல்லேர்ந்து.

— விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் கவிதை மேடம். நாம தமிழ்ல சொன்னாலும் அசைக் கணக்கெல்லாம் இங்கிலீஷ்லதான். பன்னெண்டு பத்தி. படுத்த படுக்கையா கிடக்குற புருஷன் பக்கத்துல உக்காந்து ஒருத்தி அவன் மூச்சை எண்ணிக்கிட்டிருக்கா. ஒவ்வொரு பத்தியிலயும் மூணு வரி நீளம், எட்டு எட்டு அசை. நாலாவது மட்டும் குட்டையா நிக்கும். மூணு வரியில அவ ஜன்னல், கடிகாரம், கணப்புன்னு என்னத்தையாவது பேசுறா. நாலாவதுல அவன் மூச்சு விடுறான்.

— அதாவது பாருங்க, அது சோகம். தொண்டை அடைக்குது, வரி குட்டையாகுது. முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்.

— சோகம்னா எல்லாப் பத்தியிலயும் ஒரே அளவு குட்டையா இருக்கணும்ல ஐயா? எண்ணிப் பாருங்க. முதல் பத்தியில நாலாவது வரிக்கு ஆறு அசை. அஞ்சாவதுல நாலு. ஒன்பதாவதுல ஒண்ணே ஒண்ணு.

— ஏம்மா, கடைசியில ஏதோ கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கியே, இது என்ன?

— எங்க வார்டு சார்ட் மேடம். நோயாளியோட மூச்சைக் குறிச்சு, கட்டில் கால்மாட்டுல மாட்டி வெப்போம். அந்தத் தாள்ல நாலாவது வரிகளோட அசை எண்ணிக்கையைப் புள்ளி வெச்சுச் சேர்த்தேன்.

— கவிதைக்கு சார்ட்! என் தலையெழுத்து!

— ஒன்பதாவது பத்தி வரைக்கும் கோடு இறங்குது. பத்தாவதுல ஏறுது. பதினொண்ணுல இன்னும் ஏறுது. பதினேழு வருஷத்துல எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கேன் ஐயா. போற உயிரோட கோடு இப்படித் திரும்பி ஏறி நான் பாத்ததில்ல.

— அதாவது பாருங்க, பன்னெண்டாவது பத்தி எப்படி முடியுது? என் பதிப்புல நூத்திநாலாம் பக்கம். "இனி நான் எண்ணல." அவ்வளவுதான். ஆள் போயிட்டான், எண்ண என்ன இருக்கு? முப்பது வருஷமா எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க.

— செத்தான்னு ஒரு வார்த்தை இருக்கா ஐயா அதுல?

— அந்தக் காலத்து நாகரிகம்மா. மூடி மறைச்சுத்தான் சொல்லுவாங்க.

— நல்லா சொன்னீங்க போங்க ஐயா! எதை மறைச்சாலும் அவங்க சாவை மறைக்கல. கல்லறை, சவப்பெட்டி, கருப்பு உடுப்புன்னு பக்கம் பக்கமா எழுதித் தள்ளியிருக்காங்க. இங்க மட்டும் ஏன் வாயை மூடிக்கணும்? வார்த்தைகளையும் பாருங்க. ஒன்பதாவது பத்தியில எல்லாமே வெட்டு வெட்டுன்னு ஒத்தை அசை வார்த்தை. பன்னெண்டாவதுல நீள நீளமா, சாவகாசமா வருது. பயம் விட்டுப்போனவ பேச்சு அது.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி வரி குட்டைதானேம்மா? உன் கோடு அங்க தடால்னு விழுந்துடுதே.

— விழல மேடம், தள்ளிவிட்டிருக்காங்க. இதோ, முதல் அச்சுப் புத்தகம். நூலகத்துல பூட்டி வெச்சிருந்தாங்க, மூணு மாசம் கெஞ்சி வாங்கினேன். இதுல அந்த வரி நீளம். ஐயா பதிப்புலதான் முன்பாதியைக் காணோம்.

— அச்சுப்பிழை! அடிக்குறிப்புலயே போட்டிருக்கேன். ஒரே வார்த்தை மூணு தடவை வருது. அச்சுக் கோத்தவன் தூங்கி வழிஞ்சிருக்கான்.

— ரெண்டு தடவை என்னை இதே அறையிலேர்ந்து திருப்பி அனுப்பிட்டீங்க ஐயா. இன்னைக்கும் இல்லைன்னா என் பதிவு ரத்து. வேலைக்குப் போற பஸ்ஸுல, வர்ற பஸ்ஸுலன்னு பத்து வருஷம் படிச்ச படிப்பு. எனக்குன்னு இது ஒண்ணுதான் ஆசைப்பட்டேன். அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க, நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு. அப்புறமும் பிழைன்னு சொன்னா, நானே எழுந்து போயிடுறேன்.

— அதெல்லாம்... அதெல்லாம் எதுக்கு இப்ப?

— சொல்லுங்க பேராசிரியரே. பேர்தான் வாய்மொழித் தேர்வு, நீங்களும் வாயைத் திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க?

— சரி. "மூச்சு மேல மூச்சு மேல மூச்சு, இனி நான் எண்ணல."

— அடேங்கப்பா! உடம்பே சிலிர்க்குது! எண்ணுறதுக்கு மூச்சு இல்லாம அவ நிறுத்தல. எண்ண வேண்டிய கவலையே இல்லன்னு நிறுத்தியிருக்கா!

— அதேதான் மேடம்! நாலாவது வரியும் எட்டு அசைக்கு வந்து சேர்ந்துடுச்சு. பன்னெண்டு பத்தியில முதல் தடவையா அவனும் அவளும் சரிக்குச் சரியா மூச்சு விடுறாங்க. பொழைச்சான்னு ஒரு வார்த்தை எழுதல. வரியோட நீளத்தை வெச்சே சொல்லிட்டாங்க!

— பேனா எங்க? நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஆமா பேராசிரியரே, ஒரு சந்தேகம். பொண்ணு மடியில அந்தப் புத்தகம் இன்னும் மூடியேதான் இருக்கு. உங்க பதிப்புலயும் அந்த முன்பாதி கிடையாது. பாக்காம எப்படி ஒரு எழுத்துத் தப்பாம சொன்னீங்க?

— ஐயா? கொஞ்சம் தண்ணி குடிங்க.

— மனப்பாடம்மா. அது பிழை இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தப் பதிப்பு போட்ட வருஷம் நானும் ஒரு கட்டில் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரி பொழைக்கல. கவிதையில இவன் மட்டும் பொழைக்கிறதை என்னால தாங்க முடியல, வெட்டிட்டேன்.

— ஐயா...

— அழக்கூடாது. இங்க கொண்டாங்க அந்தத் தாளை, நானும் கையெழுத்துப் போடுறேன். எழுந்திருங்க டாக்டரம்மா. வராந்தா பூரா என் மாணவர்கள் நிக்கிறாங்க, அத்தனை பேருக்கும் அவன் செத்துட்டான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கதவைத் திறந்து நல்லா சத்தமாச் சொல்லுங்க, அவன் பொழைச்சுட்டான்னு!