எண்ணூறு மீட்டரும் ஒரு சொல்லும்

மலைக்கோட்டை பார்த்திருக்க, சுண்ணாம்புக் கோடிட்ட செம்மண் தரையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வெயிலையே குடையாகப் பிடித்து நின்றவரே! விசில் ஒலியால் எங்கள் பள்ளியின் விடியலைத் தொடங்கி வைத்தவரே! வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகும் தாய்மாரின் பெண்மக்களுக்கு விளையாட்டையும் வீம்பையும், விழுந்தால் வாய்விட்டுச் சிரிக்கும் வித்தையையும் கற்றுத் தந்தவரே! தேசிய அளவில் மூன்று முறை தங்கம் வென்றும் அதைப்பற்றி மூன்று வாக்கியம்கூடப் பேசாதவரே! எங்கள் உடற்கல்வி ஆசிரியை திருமிகு மி. இன்னாசியம்மாள் அவர்களே! வணக்கம்.

உங்கள் பணிநிறைவு விழாவுக்கு இந்த மடலை எழுதும்படி தலைமையாசிரியை சொன்னபோது தயங்கினேன். தமிழாசிரியர்கள் மூவர் இருக்கும் பள்ளியில், அலுவலகத்தில் கோப்பு எழுதும் நான் எதற்கு? "அவங்க மனசு உனக்குத்தான தெரியும் கௌசல்யா, நீயே எழுது" என்றார். அனுமதி கேட்க உங்களிடம் வந்தேன். விளையாட்டு அறையில் கைப்பந்து வலையை மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எல்லாத்தையும் எழுதலாமா டீச்சர்?"

"எழுது. ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது? ஆனா ஒண்ணு. சிங்கம், சிறுத்தைன்னு எழுதுன, மேடைய விட்டு எறங்கி டவுன் பஸ் ஏறிருவேன்."

ஆகவே இம்மடலில் சிங்கம் இல்லை, சிறுத்தையும் இல்லை. நாங்கள் கண்டதும் நீங்கள் சொன்னதும் மட்டுமே உண்டு. அதுவே எங்களுக்குப் போதுமான வியப்பு.

சித்தையன்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கோயில் உபதேசியார் மிக்கேல்ராஜ் அவர்களின் மூத்த மகளாகப் பிறந்தீர்கள். காலை ஐந்து மணிக்கு ஜெபமாலை. மாலையில் ஆத்தும சோதனை. பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிட்டு, அன்றைக்குச் செய்த பாவத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அது கர்வம் என்னும் பாவம். சினிமா கிடையாது. திருவிழா ராட்டினம் கிடையாது. கண்ணாடி முன் நிற்பதற்கும் கணக்கு உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அரைக்கால் சட்டை போட்டு ஓடும் பெண் எப்படிப் புறப்பட்டாள்! பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து பேசிய பிறகுதான் உங்கள் தந்தை இசைந்தாராம். இசைந்தபோது ஒரு வாக்கியம் சொன்னாராம்.

"ஓடு. செயிச்சா அது ஆண்டவர் குடுத்தது. தோத்தா, நீ எங்கயோ ஒரு பாவத்த மறைச்சு வச்சிருக்கன்னு அர்த்தம்."

எண்ணூறு மீட்டர் என்பது மைதானத்தை இரண்டு முறை சுற்றி வருவது. முதல் சுற்று முடிந்ததும் மணி அடிப்பார்கள். இன்னும் ஒரே சுற்று என்று பொருள். அந்த மணிக்குப் பிறகு உங்களை முந்த மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. அந்நாளைய செய்தித்தாள் படம் ஒன்று எங்கள் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாவதாக வந்தவர் சிரிக்கிறார், மூன்றாவதாக வந்தவரும் சிரிக்கிறார், முதலில் வந்த நீங்கள் கண்ணை இறுக மூடியிருக்கிறீர்கள். "செயிச்சப்ப சந்தோசமா இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன். "இல்லம்மா. இன்னைக்குத் தப்பிச்சோம்னு இருந்துச்சு" என்றீர்கள். மற்றவர் வெற்றியை நோக்கி ஓடினார்கள். நீங்கள் தண்டனையிலிருந்து ஓடினீர்கள். அப்படி ஓடியே அத்தனை வேகமா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பிறகு கோலாலம்பூரில் பன்னாட்டுப் போட்டி. நாட்டின் பெயர் பொறித்த சட்டை. முடிவுக் கோட்டுக்கு நூறு மீட்டர் இருக்கையில் கால்கள் பின்னி விழுந்தீர்கள். முழங்காலில் ஏழு தையலுடன் திண்டுக்கல் சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கினீர்கள். பேப்பரில் படம் பார்த்திருந்த பூக்காரம்மா ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "இந்தப் புள்ளதான்க்கா விழுந்துச்சாம். அய்யோ, பாவம்!"

நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகங்கள். செய்யத் தகாததைச் செய்தாலும் பாவம். இரக்கத்திற்கு உரியவர் என்றாலும் பாவம். உங்கள் வீட்டில் புழங்கியது முதல் முகம் மட்டுமே. மற்றதை நீங்கள் அறியாமல் இல்லை. அறிவு வந்து சேர்வதற்குள் காது தீர்ப்பு எழுதிவிட்டது. அப்பா மட்டுமல்ல, ரயிலடியில் பூ விற்பவர்கூடக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தபடி வீடு போய்ச் சேர்ந்தீர்கள். அன்று மாலை, தையல் பிரியப் பிரிய முழந்தாளிட்டீர்கள். மறைத்த பாவம் எது என்று மட்டும் உங்களுக்குத் தெரியவே இல்லை. அதற்குப்பின் நீங்கள் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

மறு ஆண்டு இப்பள்ளிக்கு வந்தீர்கள். இடையில் வேடசந்தூரில் இருந்த நான்கு ஆண்டுகள் நீங்கலாக, உங்கள் பணிக்காலம் முழுதும் எங்களுடையது. கபடியில், கோகோவில், நீளம் தாண்டுதலில் மாநிலம் வரை பிள்ளைகளைக் கொண்டு சென்றீர்கள். எண்ணூறு மீட்டருக்கு மட்டும் ஒருத்தியையும் அனுப்பவில்லை. யாராவது கேட்டால் "நம்ம கிரவுண்டு பத்தாது" என்பீர்கள். கிரவுண்டு தாராளமாகப் பத்தும் என்பது அதைக் கூட்டிப் பெருக்கும் ஒச்சம்மாள் அக்காவுக்கே தெரியும்.

அந்த ஆண்டுகளில் அமைதி தேடி நீங்கள் போகாத இடமில்லை. கொடைக்கானலில் எட்டு நாள் மௌனத் தியானம். சக ஆசிரியைகளோடு பழனிக்குப் பாதயாத்திரை. இஃப்பத் டீச்சருடன் தர்காவில் ஒரு வியாழக்கிழமை. மூச்சுப் பயிற்சி வகுப்பில் மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார்களாம்; நீங்கள் சுற்று எண்ணிக்கொண்டிருந்தீர்களாம். "எங்க போய் உக்காந்தாலும் மண்டைக்குள்ள கடைசிச் சுத்து மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்மா. சுத்துதான் முடிய மாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னீர்கள். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு, தோற்றுத் திரும்பிய எந்தப் பிள்ளையிடமும் "ஏன் தோத்த?" என்று நீங்கள் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை உங்களோடு நிறுத்திக்கொண்டீர்களே! தங்கத்தினும் பெரிது அது.

இவ்விடத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். இதே அலுவலகத்தில் பணிபுரிந்த என் கணவர் முத்துக்கிருஷ்ணன் மாரடைப்பில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கருணை அடிப்படையில் எனக்கு வேலை தந்தார்கள். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அந்த ஆண்டு இருப்புச் சரிபார்க்க உங்கள் அறைக்கு வந்தபோது, குண்டெறியும் இரும்புக் குண்டுகளுக்கு அடியில் ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே பதினொரு பதக்கங்கள்.

"இது லிஸ்ட்ல இல்லையே டீச்சர். எந்தத் தலைப்புல எழுத?"

"பழுதானவைல எழுதுங்க."

சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக, "வேலை பழகிருச்சாம்மா?" என்று கேட்டீர்கள். எனக்கு ஏனோ அன்று அடக்க முடியவில்லை. "வேலை பழகிருச்சு டீச்சர். என்னையப் பாக்குறவங்கதான் பழகல. ஸ்டாப் ரூம்ல, பஸ்ல, எங்க போனாலும் என் காதுபடவே பாவம் பாவம்ங்கிறாங்க" என்றேன்.

நீங்கள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள்.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் சிரிப்பு அது. "டீச்சர், அந்தப் பாவம் இல்ல டீச்சர். இது அய்யோ பாவம்!" நீங்கள் சிரிக்கவில்லை. இரும்புக் குண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். பூக்காரம்மாவின் கதையை அன்றுதான் சொன்னீர்கள். "அப்ப அந்தம்மா என்னைய வையலயா?" என்று, நடந்து முப்பத்து மூன்று ஆண்டு கழித்துக் கேட்டீர்கள்.

மறுவாரம், பயன்பாட்டில் இல்லாத பழைய பித்தளை மணியை அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கிப் போனீர்கள். மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டம் தொடங்கிற்று. அதில் தேறி வந்தவள்தான் பதினோராம் வகுப்பு அனிஷா.

சென்ற அக்டோபரில் மாவட்டப் போட்டி. பதிவுப் படிவங்களோடு நானும் வந்திருந்தேன். மணி அடித்தபோது அனிஷா முதலில் இருந்தாள். நூறு மீட்டர் இருக்கையில் விழுந்தாள். அதே தூரம்! அரங்கம் முழுதும் ஒரே குரலாய் எழுந்தது: "அய்யோ, பாவம்!"

எனக்கு அனிஷாவைப் பார்க்கத் தோன்றவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். உங்கள் கை முழங்காலைப் பற்றியிருந்தது. இந்த ஒரு நொடியில் நீங்கள் மறுபடி அந்த ரயிலடிக்கே போய்விடுவீர்களோ என்று அஞ்சினேன்.

நீங்கள் ஓடினீர்கள்! ஐம்பத்தொன்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடுதளத்தின் ஓரமாக ஓடினீர்கள். தொட்டால் பிள்ளையைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் தொடாமல், கோட்டுக்கு வெளியே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள்.

"டீச்சர், தோத்துட்டேன் டீச்சர்."

"தோத்துட்டதான். அதுக்கென்ன? முட்டி எரியுதா?"

"எரியுது."

"எரியும் அப்பு. செத்த நேரம் படுத்துக்க. கோடு எங்கயும் ஓடிறாது."

அவள் படுத்துக் கிடந்தாள். பிறகு தானே எழுந்து, நொண்டி நொண்டி, எல்லோருக்கும் கடைசியாகக் கோட்டைத் தொட்டாள். வேறொரு பள்ளியின் பயிற்சியாளர் தங்கமுத்து சார், "என்ன டீச்சர், முப்பது வருசம் கழிச்சு எண்ணூறுக்கு ஆள் எறக்குனீங்க, இப்படிக் கவுந்துருச்சே!" என்று சீண்டினார். "கவுந்தா கவுந்துட்டுப் போகுது சார். புள்ள பாவம், மொதல்ல தண்ணிய எடுங்க" என்றீர்கள்.

சொன்ன பிறகுதான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது.

திரும்பும் டவுன் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டீர்கள்: "அன்னைக்கு விழுந்தேனே, நானும் பாவம்தான கௌசல்யா?"

"ஆமா டீச்சர். ரொம்பப் பாவம்."

அழுதீர்கள். நானும் அழுதேன். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது, லேடீசுக்கு டிக்கெட்டு ஃப்ரீதான, எதுக்கு அழுகுறீங்க?" என்றார். பேருந்து நிலையம் வரும்வரை சிரித்தோம்.

நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளுக்கு என்னையும் உடன் அழைத்துப் போனீர்கள். உபதேசியார் மிக்கேல்ராஜ் கல்லறையில் செவ்வந்தி தூவி, மெழுகுத்திரி ஏற்றினீர்கள். காற்றில் அணைந்ததை இரண்டு முறை மறுபடி ஏற்றினீர்கள். நான் தள்ளி நின்றேன், ஆனாலும் கேட்டது.

"நீங்களும் பாவம்தான்ப்பா. ஒத்தப் புள்ளையக்கூட நரகத்துக்கு விட்டுறக் கூடாதுன்னு காலம் பூராப் பயந்துக்கிட்டே இருந்தீங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம். இனி பயப்படாமத் தூங்குங்க."

திரும்பி வரும்போது மணிச் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "அடிக்குது. ஆனா வேற யாருக்கோ அடிக்கிற மாதிரி இருக்கு" என்றீர்கள். கோயிலுக்கு இன்றும் போகிறீர்கள். முன்பெல்லாம் பூசைக்கு அரை மணி முந்தி ஓடுவீர்கள். இப்போது நடந்து போகிறீர்கள்.

சென்ற வாரம் விளையாட்டு அறையை ஒப்படைத்தீர்கள். பதினொரு பதக்கங்களையும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டீர்கள். பட்டியலில் என்ன எழுத என்று கேட்டேன். "சொந்தக்காரி வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னு எழுது" என்றீர்கள். அப்படியே எழுதியிருக்கிறேன், டீச்சர்.

அன்புக்குரியவரே! உலகம் உங்களை உச்சியில் கண்டது. நாங்கள் உங்களை மண்ணில் குத்தவைத்திருக்கக் கண்டோம். எங்கள் கண்ணுக்கு அதுவே உயரம். விழுந்தவரிடம் காரணம் கேட்காமல் காயத்தைக் கேட்க உங்களிடம் கற்றோம். இனி இப்பள்ளியில் எந்தப் பிள்ளை தோற்றாலும் எங்கள் முதல் கேள்வி "முட்டி எரியுதா?" என்பதுதான். நீங்கள் விட்டுச் செல்லும் பாடத்திட்டம் அது.

உங்கள் முழங்கால்கள் உங்களை நெடுங்காலம் தாங்கட்டும். நல்ல பசியும் நல்ல உறக்கமும் நாளும் வாய்க்கட்டும். நாளைக் காலை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் விழிப்பு வரும். ஜெபமாலை காத்திருக்கும், விசில் சுவரில் தொங்கும், பொழுதும் எங்கேயும் ஓடிவிடாது. எழுந்துவிடாதீர்கள், டீச்சர். செத்த நேரம் படுத்திருங்கள்.

என்றும் உங்கள் மைதானத்து நிழலில்,
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், மாணவியர்.
திண்டுக்கல்.