நாய்க்குத் தெரிந்த பாஷை

சேரன்மகாதேவியில் அறுப்பு வேலை முடிந்து ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை, நின்றபடியே வந்தேன். பக்கத்தில் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர், மலைத்தோட்டத்துத் துரை ஒருவரின் சமையல்காரர். துரையைப் புதைத்துவிட்டு ஊர் திரும்புகிறார் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. எதிரே அவருக்குப் பழக்கமான வெற்றிலை வியாபாரி.

“சாகும்போது துரை பேசினது துரைசாணிக்கு விளங்கல அண்ணாச்சி.”

“என்ன வே சொல்லுதீரு? ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்கதானே?”

“துரைக்குச் சொந்த ஊரு இங்கிலாந்துக்கு வடக்க ஒரு மலைச்சீமை. அங்கன பாஷை வேற. சின்னதுல பள்ளிக்கூடத்துல அதைப் பேசினா அடிப்பாங்களாம். அதனால அந்தப் பாஷையை மனுசங்ககிட்டப் பேசமாட்டாரு. நாய்கிட்ட மட்டும் பேசுவாரு.”

“அந்தம்மா படிச்சிருக்கலாமே?”

“புஸ்தகம் வரவழைச்சுப் படிச்சாவ. எழுத்து ஒண்ணு, சத்தம் ஒண்ணு. வாசிச்சுக் காட்டினா துரை சிரிப்பாரு. சொல்லிக்கொடுங்கன்னு கெஞ்சினா, அடிவாங்கின பேச்சு உனக்கு எதுக்குன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. நம்ம தமிழையே பைய பிடிச்சிட்டாவ, புருசன் பாஷை வரல.”

“பெறவு?”

“காய்ச்சல்ல இங்கிலீசு மறந்துபோச்சு. கடைசியா ஒரு சொல்லு சொன்னாரு. என்னன்னு துரைசாணி என்கிட்டக் கேட்டாவ. நாயைக் கூப்பிடும்போது கேட்டிருக்கேன், ‘வா’ன்னு அர்த்தம். உங்களைத்தான் கூப்பிடுதாருன்னு சொன்னேன்.”

“நல்ல காரியம் செஞ்சீரு.”

“எங்க அண்ணாச்சி? அதுக்குள்ள நாய் எந்திரிச்சுக் கட்டில்கிட்டப் போயிருச்சு. துரைசாணி பாத்துக்கிட்டுதான் நின்னாவ.”