பலகையில் ஒரு காலி இடம்

— தெல்மா, ரேடியோவ விட்டுட்டு இங்க வா. இந்தப் பலகையப் பாரு. என்ன தெரியுது?

— ஸ்பேனர் மாட்டுற பலகை தெரியுது, பிரதர் ரேட்டோ. கிறிஸ்துமஸ் நாளைக்குன்னா பலகையில தேவதூதனா தெரியணும்?

— விளையாடாத. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதோட உருவத்த வரைஞ்சு வச்சிருக்கேன். இங்க உருவம் இருக்கு, ஸ்பேனர் இல்ல.

— எங்கயாவது வச்சிருப்பீங்க. காலையிலேர்ந்து நீங்க ஒரு இடத்துல நின்னீங்களா? கூட்டுறீங்க, துடைக்கிறீங்க, பெஞ்சைத் தள்ளுறீங்க. சாயங்காலம் இந்த விமான ஹேங்கர்ல ஆராதனைன்னா ஜனங்க உக்காரத்தான் வராங்க, உங்க தரையை நக்க வரல.

— இது நேத்து இன்ஜின்ல வேலை பாத்தப்ப எடுத்தது. அந்த இன்ஜின் இப்ப எங்க இருக்கு?

— மேல, வானத்துல. சிஸ்டர் உர்சினா ஓட்டிட்டுப் போற விமானத்துல.

— இன்ஜின் மூடிக்குள்ளேயே விட்டுட்டேனோ?

— ஏசப்பா! மூடியப் போடறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கலியா? உங்க சட்டமே அதுதானே. பலகை நிறைஞ்சாதான் மூடி மூடணும். எங்க மண்டையில அடிச்சு அடிச்சு ஏத்தினீங்களே.

— எண்ணினேன். எண்ணினேன்னுதான் நினைக்கிறேன். அப்பத்தான் உங்க சபைப் பிள்ளைங்க கிட்டார் தூக்கிட்டு வந்து பாட ஆரம்பிச்சாங்க. நான் வாசல்ல போய் நின்னேன். திரும்பி வந்து எண்ணினேனா? ... தெல்மா, பெஞ்சுக்கு அடியில பாரு.

— இருட்டா இருக்கு பிரதர். உங்க புது டார்ச்சக் குடுங்க. நிக்கலஸ் நாள் பரிசா சிஸ்டர் உங்க பேரப் பொறிச்சுக் குடுத்தாங்களே, அது.

— வீட்ல இருக்கும்.

— அப்புறம் ஏன் பையத் தடவுறீங்க?

— வீட்ல இருக்கும்ங்கறேன்ல! சொந்தச் சாமான் ஹேங்கருக்குள்ள வரக்கூடாது. பலகையில இடமில்லாத எதுவும் இங்க இருக்கக்கூடாது. தேடு.

— சத்தம் போடாதீங்க. தேடறேன். சிலந்திதான் இருக்கு. குடும்பத்தோட.

— உர்சியக் கூப்பிட்டு இறங்கச் சொல்லட்டுமா?

— எங்கிட்டயா கேக்குறீங்க?

— போன மாசம் எண்ணெய் ஒழுகுதுன்னு திருப்பிக் கூப்பிட்டேன். வந்து பாத்தா மழைத்தண்ணி. பாஸ்டருங்க இன்னும் என்னைப் பாத்தா குடை வேணுமான்னு கேக்கறாங்க.

— சிரிச்சா சிரிக்கட்டும்.

— அது மட்டும் இல்ல. இப்ப எங்கயாவது இறங்கினா, மறுபடி கிளம்பறதுக்குள்ள மலையில மேகம் மூடிடும். பின்னாடி உக்காந்திருக்கற ரெண்டு பிள்ளைங்க? வருஷம் பூரா பள்ளிக்கூட விடுதியில கிடந்துட்டு வீட்டுக்குப் போறாங்க.

— தெரியும் பிரதர். அவங்கப்பன் விடியக்காலையிலேயே ரேடியோவுல வந்துட்டான். பன்னிய அடிச்சாச்சு, அதச் சுட குழியில கல்லு காயுது, எம் பிள்ளைங்கள ஏத்திட்டீங்களான்னு. அவன் பாடின பாட்டையும் நான்தான் கேட்டேன்.

— அப்ப என்ன செய்யச் சொல்ற?

— நீங்க என் புருஷனோட வண்டியில ஒரு போல்ட்டு காணோம்னு பாதி வழியில நிறுத்தின ஆளு. இது உங்க பொண்டாட்டி. இதுக்குப் போய் எங்கிட்ட கேட்டுட்டு நிக்கிறீங்க. இந்தாங்க மைக்கு.

— ... உர்சி, ரேட்டோ பேசறேன். கேக்குதா? ஓவர்.

— கேக்குது. ஆத்தைத் தாண்டிட்டேன். வெயில் மூஞ்சியில அடிக்குது, பின்னாடி ரெண்டும் ஆளுக்கொரு ஜன்னலுக்குச் சண்டை. நீ பிசைஞ்சு வச்ச கிறிஸ்துமஸ் பிஸ்கட் மாவு உருகிடுச்சா? ஓவர்.

— உர்சி, பலகையில ஒரு ஸ்பேனர் இல்ல. இன்ஜின் மூடிக்குள்ள இருக்கலாம். பக்கத்துல யாகுமி ஓடுதளம்தான். அங்க இறங்கு. ஓவர்.

— இருக்கலாமா, இருக்கா? ஓவர்.

— தெரியல. ஓவர்.

— மழைத்தண்ணி மாதிரியா? ஓவர்.

— உர்சி, கெஞ்சிக் கேக்கறேன். இறங்கு.

— சரி, சரி. திருப்பறேன். பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். அவங்கப்பன்கிட்ட நீ சொல்லு, நீதான் சொல்லணும். ஓவர்.

— உக்காருங்க பிரதர். இப்படி வாசலுக்கும் பலகைக்கும் நடந்தா விமானம் சீக்கிரம் இறங்கிடுமா? தண்ணியாவது குடிங்க. சட்டை பூரா நனைஞ்சிருக்கு.

— வேண்டாம்.

— நான் ஜெபம் பண்றேன். நீங்க நடங்க.

— அவ ஏன் இன்னும் பேசல?

— நீங்க பேச விட்டாதானே கேக்கும். உஸ்ஸ்.

— ரேட்டோ, யாகுமியில இறங்கிட்டேன். ஒரே சேறு. ஊரே ஓடி வந்து நிக்குது, கிறிஸ்துமஸ் சாமான் வந்திருக்குன்னு நினைச்சு. எந்த ஸ்பேனர்? என்னத்தத் தேடணும்? ஓவர்.

— கழுத்த வளைச்சு, பிடியப் பாதியா அறுத்து நானே செஞ்சேனே, சந்துக்குள்ள போற மாதிரி. அது. ஓவர்.

— புரிஞ்சுது. மூடியத் திறந்து பாத்துட்டு வரேன். லைன்ல இரு.

— பிரதர்... பாதியா அறுத்ததா? வளைஞ்சு போய்?

— ஆமா. ஏன்?

— உடைஞ்ச சாமான் மாதிரி?

— தெல்மா, என்ன?

— என்னைத் திட்டாதீங்க. இன்ஜின்லேர்ந்து கழட்டின பழைய ஸ்பார்க் பிளக்கெல்லாம் போடற டப்பாவுக்குள்ள கிடந்துச்சு. நேத்து சாயங்காலம், நீங்க வீட்டுக்குப் போனப்புறம், பழைய புரொப்பெல்லர்ல செஞ்ச கிறிஸ்துமஸ் மரத்துல அந்தப் பிளக்கெல்லாம் தொங்க விட்டேன். உச்சியில நட்சத்திரம் வச்சேன். அதுக்கு வால் இல்ல. ஜிகினாத்தாள் சுத்தி...

— வாலா வச்சிட்டியா!

— உடைஞ்சதுன்னு நினைச்சேன் பிரதர்! உடைஞ்சதப் போடற டப்பாவுல யாரு நல்லதப் போடச் சொன்னா?

— ஏணி எங்க? ... இதேதான். இதேதான்! ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? நான் இங்க செத்துப் பொழைச்சிட்டு இருக்கேன், இது என் தலைக்கு மேல மினுக்கிட்டு நிக்குது! ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா? பலகை எதுக்கு இருக்கு? எதை எடுத்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை...

— அழுதுடுவேன், விட்டுடுங்க. தப்புதான். அந்தப் பிள்ளைங்க கிறிஸ்துமஸே என்னாலதான் போச்சு.

— ரேட்டோ, இருக்கியா? ஓவர்.

— உர்சி! கிடைச்சிடுச்சு! இங்கதான் இருந்துச்சு, மரத்து மேல. தெல்மா நட்சத்திரத்துக்கு வால் வச்சிட்டா. மூடியப் போட்டுட்டுக் கிளம்பு, மேகம் வரதுக்குள்ள போயிடலாம். மன்னிச்சிடு. மறுபடியும் மழைத்தண்ணிதான். ஓவர்.

— அங்க யாரு அழுறது? ஓவர்.

— தெல்மாதான். கொஞ்சம் திட்டிட்டேன். நியாயமாத்தான். ஓவர்.

— அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, அந்த நட்சத்திரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. அவ அந்த வாலை வைக்கலேன்னா நான் இறங்கியிருக்கவே மாட்டேன். ரேட்டோ, நிக்கலஸ் நாளுக்கு நான் குடுத்த டார்ச் எங்க? ஓவர்.

— வீட்ல இருக்கும். ஏன்? ... உர்சி, ஏன்?

— வீட்ல இல்ல. இங்க, இன்ஜின் வேகத்தக் கூட்டிக் குறைக்கற கம்பிய அழுத்திக்கிட்டு, உன் பேரோட, இன்னும் எரிஞ்சுட்டிருக்கு.